மயிலையின் இடது கண்

நாமக்கல், உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

கண்ணுகளா,

கொங்கு நாட்டில் பிள்ளைகளை இப்படித்தான் கூப்பிடுவோம். உங்களில் பலர் வேறு மாவட்டங்களிலிருந்து இங்கே படிக்க வந்திருப்பீர்கள். சில்லறை கேட்கும் பேருந்து நடத்துநரோ, விடுதியில் சோறு போடும் அம்மாவோ "என்ன கண்ணு" என்று ஒருமுறையாவது உங்களைக் கேட்டிருப்பார்கள். கன்றுக்குட்டியும் எங்கள் வாயில் கண்ணுக்குட்டிதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து, மாடுகளின் கண்ணைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

காங்கேயத்துக்கும் முத்தூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தோட்டம். அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஏழு ஏக்கர் கொரங்காடு, சுற்றிலும் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரங்கள், மழை பெய்தால் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல். ஐந்து காங்கேயம் மாடுகள் அதில் மேய்கின்றன. ஐந்தில் ஒருத்திக்கு, மயிலைக்கு, இடது கண் இல்லை. அந்தக் கண்ணைக் கெடுத்தது நான். எப்படிக் கெடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நாளைக்குப் போய் நிற்கப்போகும் தொழுவங்கள் பலவற்றில் இதேதான் நடக்கிறது என்பதால் சொல்கிறேன்.

அந்த வருடம் பங்குனியில் எனக்குக் கண்புரை அறுவை செய்தார்கள். இரண்டே நாளில் பார்வை தெளிந்தது. வேலியோரம் ஓடும் ஓணானின் முதுகு முட்கள் வரை தெரிந்தன. அறுவைக்குப் பின் வீக்கம் வற்றுவதற்காகக் கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மிஞ்சியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துவிட்டு மறந்துபோனேன். ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பிய மயிலையின் இடது கண்ணிலிருந்து கன்னம் நனையத் தண்ணீர் வழிந்தது. கண்ணைப் பாதி மூடியே வைத்திருந்தாள். வேலி முள் பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் எடுத்தது அந்தப் பாதிப் புட்டியை. கண்ணுக்குக் கொடுத்த மருந்துதானே என்று நினைத்தேன்.

முதல் நாள் குணம் தெரிந்தது. சிவப்பு குறைந்தது, கண்ணை இன்னும் கொஞ்சம் திறந்தாள். அந்த மகிழ்ச்சியில் நாளுக்கு மூன்று வேளை விட்டேன். நான்காம் நாள் கருவிழி நீலம் பாரித்த வெள்ளையாகியிருந்தது. ஆறாம் நாள் நடுவில் ஒரு குழி. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவரோடு உங்களைப் போலப் பயிற்சியில் இருந்த ஒரு பெண்ணும் வந்தாள். தீக்குச்சி அளவுக்கு ஓர் ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டையை எடுத்து, உப்புநீரில் நனைத்து, கீழிமையின் உள்பக்கம் தொட்டாள். கருவிழியில் புண் இருந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. நீல விளக்கை அடித்தபோது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. "என்ன மருந்துங்கம்மா விட்டீங்க?" என்று கேட்டாள். புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். பெயரைப் படித்ததும் ஒன்றும் பேசவில்லை அவள். வெளியே வந்து கைகழுவும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: இது ஸ்டீராய்டு. அறுவை செய்த கண்ணில் வீக்கத்தை அடக்கும். புண்ணான கண்ணில் விட்டால் உடம்பின் காவலையே கட்டிப்போட்டுவிடும். கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது போல.

விலங்கியல் ஆசிரியை நான். கசாப்புக் கடையில் ஆட்டுக்கண் வாங்கிவந்து, வகுப்பில் அறுத்து, லென்சை எடுத்து செய்தித்தாளின் எழுத்து மேல் வைத்துக் காட்டியவள். விழியின் உள்சுவரில் மயில் கழுத்துபோல மினுங்குகிற அந்தப் பூச்சைக் காட்டி, ராத்திரியில் மாட்டின் கண் டார்ச் வெளிச்சத்தில் மின்னுவது இதனால்தான், மனிதக் கண்ணில் இது கிடையாது என்று சொல்லிக்கொடுத்தவள். அத்தனையும் தெரிந்தும் என் மாட்டின் கண்ணில் என்ன விடலாம், என்ன விடக்கூடாது என்று தெரியவில்லை. அப்படியானால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் அப்பாரு புகையிலையை மென்று மாட்டின் கண்ணில் துப்புவார். தும்பை இலையைக் கசக்கிப் பிழிபவர்கள் இன்றும் உண்டு. புகையிலையை நிறுத்தச் சொல்லுங்கள், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தும்பையை மட்டும் எடுத்த எடுப்பில் திட்டிவிடாதீர்கள். எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். தலைமுறைகளாக நம்பிய ஒன்றை ஒதுக்குவதானாலும் ஏற்பதானாலும் காரணத்தோடு செய்தால்தான் எங்கள் ஆட்கள் கேட்பார்கள்.

இந்த ஊரில் மனிதக் கண்ணுக்குக் கிடைத்த கவனிப்பை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997-இல் கோவைக்கு வந்தது. சத்தி சாலையில் சங்கரா கண் மருத்துவமனை அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வளாகத்தில் கண் முகாம் நடக்காத வருடம் உண்டா? முகாம்களோடு நின்றுவிடாமல் ஆராய்ச்சியும் செய்தார்கள். தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு வைக்கோலோ முள்ளோ கண்ணில் பட்டு, அதன் வழியாகப் பூஞ்சை புகுந்து கருவிழிப் புண் வருவது சாதாரணம். அந்தப் புண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து சிறந்தது என்று மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, பழைய நேட்டாமைசினே புதிய வோரிகோனசோலைவிட நல்ல பலன் தருகிறது என்று 2013-இல் வெளியிட்டார்கள். எங்கள் வயல்காட்டுக் கண்ணிலிருந்து உலகத்துக்குப் போன பதில் அது.

அதே வேலியில், அதே முள்ளில், மாட்டுக்கும் கண் கிழிகிறது. மயிலையின் புண்ணைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, அது பூஞ்சையா பாக்டீரியாவா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கும் நேரத்தையும் நான் கடத்திவிட்டிருந்தேன். முள் குத்துகிற காலம் எது, ஈ மொய்க்கிற காலம் எது, எந்த மாதத்தில் எந்தப் புண் அதிகம் என்று எங்கள் வட்டாரத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் வருகிற சித்திரையில் போங்கள். தரகர் மாட்டைப் பார்க்கிற அழகை ஒரு மணி நேரம் நின்று கவனியுங்கள். பல்லைப் பிடித்து வயசு சொல்வார், சுழியை எண்ணுவார், குளம்பைத் தட்டுவார், நடக்கவிட்டு இடுப்பைப் பார்ப்பார். பிறகு துண்டுக்குள் விரல் விலை பேசும். கண்ணுக்கு மட்டும் முகத்துக்கு முன்னால் கையை வேகமாக ஒரு வீச்சு வீசுவார், மாடு இமைத்தால் பார்வை இருக்கிறது. உங்கள் வாத்தியார்களும் இதே சோதனையைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஒரு எச்சரிக்கையோடு: கைவீச்சின் காற்று கருவிழியில் பட்டால் குருட்டு மாடும் இமைக்கும். பிறந்த சில நாள் கன்று பார்வை இருந்தும் இமைக்காது. இந்த இரண்டு செய்தியும் போய்ச் சேர்ந்தாலே தாவணியில் ஏமாறுகிறவர்கள் குறைவார்கள்.

தாவணி உங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான கண்கள். இரண்டு நாள் உட்கார்ந்து, மாட்டுக்காரர்களின் சம்மதத்தோடு ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து எழுதினால் போதும், நான் கேட்கிற கணக்கின் முதல் பக்கம் கிடைத்துவிடும். அங்கே நீங்கள் தேடவேண்டியதில் ஒன்றைச் சொல்கிறேன்: மொரக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியா ஈக்களின் காலில் ஒட்டி ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் போகும். தூசியும் வெயிலும் அதற்குத் துணை. நம் ஆடிக் காற்றையும் ஈயையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பட்டியில் ஒன்றுக்கு அதனால் கண்நோய் வந்தால் அடுத்தடுத்து வரும். வேளையோடு பிடித்தால் தழும்பு கூடத் தெரியாமல் ஆறும். இமைக்குள் நெளிகிற தெலாசியா கண்புழுவும் ஈ கொண்டுவருவதுதான். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஆடியில் குதிரைகள் வரும். அங்கே குதிரைக் கண்ணுக்குள் வெள்ளை நூல்போல ஒரு புழு நீந்துவதைப் பார்க்க நேர்ந்தால், அது எங்கள் மாட்டின் வயிற்றில் சும்மா குடியிருக்கிற செட்டேரியா என்று உங்களுக்குப் புரியும். கொசு வழியாக வழிதவறி வேறு உடம்புக்குள் போய்விட்ட குட்டி அது. மாட்டையும் குதிரையையும் ஒரே கொட்டகையில் கட்டுகிறவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

2017 சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது உங்களுக்குச் சின்ன வயசு ஞாபகமாக இருக்கலாம். எங்களுக்கு அது சோளத்தட்டும் வைக்கோலுமாகப் போன வருடம். பச்சை என்று ஒரு இலை மாட்டின் வாயில் படவில்லை. அந்தக் கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிடாரிக் கன்று பொழுது சாய்ந்தால் தொட்டியில் முட்டிக்கொள்ளும், வாசல்படியில் தடுக்கி விழும். கிரகம் சரியில்லை என்றார்கள். நான் வைட்டமின் ஏ-யாக இருக்குமோ என்றேன். மருத்துவர் அதையே சொன்னார், ஊசி போட்டார். அகத்திக் கீரையும் முருங்கைத் தழையும் தேடித் தேடிப் போட்டார்கள். கன்று தேறியது. சில கன்றுகள் தேறுவதில்லை. வளருகிற வயதில் இந்தச் சத்துக் குறைந்தால் மண்டை எலும்பு தடித்து, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பை அதன் வழியிலேயே நெரித்துவிடும். அப்புறம் எத்தனை கீரை போட்டாலும் பயனில்லை.

வகுப்பில் இந்தப் பாடம் வந்தால் நான் டெக்சாசின் பன்றிக்குட்டிகளைப் பற்றிச் சொல்வேன். ஃபிரெட் ஹேல் என்பவர் அங்கே ஒரு தாய்ப்பன்றிக்கு வைட்டமின் ஏ இல்லாத தீனியை மட்டும் கொடுத்து வளர்த்தார். பிறந்த 11 குட்டிகளில் ஒன்றுக்கும் கண்விழி இல்லை. 1933-இல் அதை எழுதினார். தாயின் தீனியில் ஒரு குறை இருந்தால் வயிற்றுக்குள் உறுப்பே உருவாகாமல் போகும் என்று உலகம் புரிந்துகொண்டதற்கு அந்தக் குட்டிகளும் ஒரு காரணம். கர்ப்பிணிப் பெண்களின் உணவைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். நம்மிடம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த கோ-4 புல் இருக்கிறது, வேலிமசால் இருக்கிறது, கிணற்றடியில் நான்கு அகத்தி நட இடம் இருக்கிறது. சினை மாட்டுக்கு வறட்சியிலும் ஒரு கைப்பிடி பச்சை போய்ச் சேரவேண்டும் என்று ஊசி போட வரும்போதெல்லாம் சொல்லுங்கள்.

காங்கேயம் மாட்டின் முகத்தை உற்றுப் பார்த்திருப்பீர்கள். பெரிய கரிய விழி, சுற்றி மை தீட்டியது போல ஒரு கறுப்பு வளையம். அழகுக்காக எங்கள் முன்னோர் அதைத் தேர்ந்தெடுத்தார்களா, வெயிலுக்கு நிற்கிற மாடாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் அதுவும் கூட வந்ததா என்று நான் அடிக்கடி யோசிப்பேன். வெளுத்த இமை கொண்ட ஹெர்ஃபோர்டு மாடுகளுக்கு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கண்ணில் புற்றுநோய் வருவது தெரிந்த செய்தி. கறுப்பு இருக்கும் இடத்தில் வெயிலின் ஊறு குறைவு. பால் வேண்டும் என்று ஹெச்.எஃப். கலப்பு மாடுகளைக் கொண்டுவந்தோம், தப்பில்லை, குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் வெள்ளை முகத்தோடு, வெளுத்த இமையோடு இருக்கிற மாட்டை எங்கள் வெயிலில் கட்டும்போது அதற்கு நிழல் வேண்டும். இமையோரம் கடுகளவு பரு தெரிந்தாலும் அன்றே காட்டவேண்டும். மலையடிவாரத்தில், ஆனைகட்டி பக்கமோ தடாகம் பக்கமோ, உண்ணிச்செடியைத் தின்றுவிட்டு வெயிலில் நிற்கமுடியாமல் கண் வீங்கிக் கிடக்கும் மாடும் முதலில் இந்த வெளுத்த தோலுள்ளதாகத்தான் இருக்கும்.

உங்கள் கல்லூரிகள் இரண்டுமே கோழிச் சீமையில் இருக்கின்றன. 1985-இல் நாமக்கல்லில் கல்லூரி வந்தபோது அதைச் சுற்றி முட்டைப் பண்ணைகள். 2020-இல் உடுமலையில் வந்தபோது அதைச் சுற்றிக் கறிக்கோழிக் கொட்டகைகள். மூடிய கொட்டகையில் எச்சத்திலிருந்து கிளம்புகிற அமோனியா கோழியின் கருவிழியைப் பொசுக்கும். உள்ளே நுழைந்ததும் நம் கண் எரிந்தால் கோழி நாள் முழுக்க அதில்தான் இருக்கிறது என்று அர்த்தம். இரவு பகல் தெரியாமல் விளக்கெரிந்தால் குஞ்சின் கண் ஊதிப் பெருக்கும். இதெல்லாம் உங்கள் பாடத்தில் உண்டு.

அதே கோழிக்குஞ்சுதான் நம் பிள்ளைகளின் மூக்குக் கண்ணாடியைப் பற்றி உலகத்துக்கு ஒரு பெரிய உண்மையைச் சொன்னது. நியூயார்க்கில் ஜோஷ் வால்மன் என்பவரும் கூட்டாளிகளும் 1978-இல் எழுதினார்கள்: குஞ்சின் பார்வையைச் சின்னதாக மாற்றி வைத்தாலே கண் நீளமாக வளர்ந்து கடுமையான கிட்டப்பார்வை வந்துவிடுகிறது என்று. கண் தான் பார்ப்பதை வைத்துத் தன் வளர்ச்சியைத் திருத்திக்கொள்கிறது. பின்னால் வந்தவர்கள், வெளிச்சம் நிறைய இருந்தால் குஞ்சுக்குக் கிட்டப்பார்வை மெதுவாகவே வருகிறது என்று கண்டார்கள். பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள் என்று கண் மருத்துவர்கள் இன்று சொல்வதற்குப் பின்னால் அந்தக் குஞ்சுகளும் இருக்கின்றன. கோழிக்குஞ்சோடு இது நிற்கவில்லை. பிறவிக் குருடாக இருந்த லான்சலாட் என்ற பிரியார்ட் இனத்து நாய்க்கு மரபணு மருந்து செலுத்திப் பார்வை வந்ததும் (2001-இல் அது வெளியானது), அந்த வழியில் வந்த மருந்துக்கு 2017-இல் அமெரிக்காவில் மனிதர்களுக்கே அனுமதி கிடைத்ததும் நீங்கள் படித்திருப்பீர்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் விழித்திரை அழியும் என்று 1975-இல் கண்டார்கள். கோவையில் தயிர்சோறு மட்டும் போட்டு ஆசையாகப் பூனை வளர்க்கும் வீடுகள் எத்தனை? அவர்களிடம் மீனையும் கறியையும் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

மதுரை மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதிக்குக் கண்புரை வந்தபோது நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பார்த்தார்கள், 2022-இல் தாய்லாந்திலிருந்தும் மருத்துவர்கள் வந்தார்கள். செய்தியைப் படித்து நான் அழுதேன். யானைக்குக் கண்ணீர்ச் சுரப்பியும் இல்லை, கண்ணீரை மூக்குக்கு இறக்கும் குழாயும் இல்லை. கண்ணில் ஊறுகிற ஈரமெல்லாம் கன்னத்தில்தான் வழியும். அதைப் பார்த்து அது அழுகிறது என்போம். அந்த ஒரு உயிருக்காகக் கடல்கடந்து வந்தவர்களைக் கும்பிடுகிறேன். மயிலைக்காக யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. உடுமலையிலிருந்து இரு சக்கர வண்டியில் வந்தால் போதும், பையில் அந்த ஆரஞ்சுப் பட்டை இருந்தால் போதும், மூன்றாம் நாளுக்குள் வந்திருந்தால் போதும்.

நான் மருத்துவரைக் கூப்பிட்டது ஆறாம் நாள். கொரங்காட்டில் மாடு தன்னால் மேய்ந்து தன்னால் திரும்பும். அப்போதெல்லாம் சாயங்காலம் எண்ணிக்கைதான் பார்ப்போம், முகம் பார்த்ததில்லை. நோவைக் காட்டிக்கொள்ளாத பிராணி அது. அந்தப் பயிற்சிப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றை எங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: இரண்டு கண்ணின் இமை மயிரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் கீழே தாழ்ந்திருந்தால் அந்தக் கண் வலிக்கிறது. தண்ணீர் வழிவதற்கும் வெள்ளை விழுவதற்கும் காத்திருக்க வேண்டாம். இப்போது எங்கள் தெருவில் மாடு கட்டும்போது முகம் பார்க்கிறார்கள்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களில் நான்கு பேராவது, கடைசி வருட ஆய்வுக்கு எதை எடுப்பது என்று யோசிக்கும்போது எங்கள் பக்கம் வரவேண்டும். அடிவயிறும் மடியும் சினையும்தான் பணம் என்று ஊர் சொல்லும், நாங்களே சொல்வோம். கண் போன மாட்டுக்குத் தாவணியில் விலை சரிவதும் பணம்தான் என்று எங்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டும். ஆடியில் வாருங்கள், காற்று அடிக்கும்போது. தை பிறந்ததும் வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. தங்க இடமும் சோறும் எங்கள் வீட்டில் உண்டு. எழுதியதை ஆங்கிலத்தில் எங்கே வேண்டுமானாலும் வெளியிடுங்கள். ஒரு பக்கம் தமிழில் எழுதி எங்கள் பால் சங்கத்துச் சுவரிலும் ஒட்டுங்கள்.

மயிலை நன்றாக இருக்கிறாள். அந்தக் கண்ணை எடுத்து இமையைத் தைத்துவிட்டார்கள், புண் சுத்தமாக ஆறிவிட்டது. மாட்டுக்குத் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 330 பாகை தெரியும் என்பார்கள். அவளுக்கு அதில் ஒரு பக்கம் இருட்டு. அதற்குப் பின் ஒரு கன்று போட்டாள், செந்நிறமாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலை நிறத்துக்கு வந்த கிடாரி. அந்தக் குட்டிக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தாயின் வலது பக்கமாகவே நடக்கிறது. நீங்கள் காட்டுக்குள் வரும்போதும் அவளுடைய வலது பக்கமாக வாருங்கள். இடது பக்கம்தான் வழி என்றால், கிட்டே வரும்வரை பேசிக்கொண்டே வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி
காங்கேயம்